நெல்லையில் ஜியோகேச்சிங் தேடப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஜியோகேச்சிங் தேடப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் கிளம்புவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் 7,500 ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். பணம் போனால் போகட்டும். இருட்டுகிற நேரத்தில் முன்பின் தெரியாத ஊரில் கூட்டமாகச் சுற்றி நின்று சட்டையைப் பிடித்தபோது வந்த பயமும், அப்புறம் நடுராத்திரி வரை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவமானமும் இல்லாமல் போயிருக்கும். இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டால் நெஞ்சு பதறுகிறது. அதனால் விட்ட இடமில்லாமல் எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். ஒருவர் ஓரிடத்தில் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். 2000ஆம் ஆண்டு வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அந்த ஆண்டு மே 2ஆம் தேதி அதை நீக்கினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து எண்களை வெளியிட்டார். அங்கிருந்து தொடங்கி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதில் மல்ட்டி கேச் என்று ஒரு வகை உண்டு. நேராக டப்பாவுக்குப் போக முடியாது. முதல் இடத்தில் ஒரு கேள்வி, அதன் விடை ஒரு எண். அந்த எண்ணை வைத்தால்தான் அடுத்த இடம் தெரியும். இப்படி நாலைந்து இடம் சுற்றிக் கடைசியில் டப்பா.

நான் தேடிப் போனது இந்த வகைதான். பாளையங்கோட்டையில் பிறந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது சொந்த ஊரின் பழைய இடங்களை எல்லாரும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அமைத்தது. பாளையில் தொடங்கி ஆற்றைக் கடந்து டவுனுக்குப் போய், கடைசியில் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் முடியும். எனக்கு அம்மா பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். வளர்ந்ததும் வேலையும் திருப்பூரில். லீவுக்கு வந்து தாமிரபரணியில் குளித்துவிட்டுப் போனதைத் தவிர நெல்லையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இதைச் சாக்காக வைத்து ஊரைப் பார்த்துவிடலாம் என்று லீவு போட்டுக் கிளம்பினேன். மாமா வீட்டில் சொன்னால் கூடவே யாரையாவது அனுப்புவார்கள் என்று ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கிக்கொண்டேன்.

கிளம்பும் முன் பார்க்கவேண்டியதில் முதலாவது, எண்களை எழுதும் முறை. இந்த விளையாட்டில் டிகிரிக்கு அப்புறம் நிமிடத்தைத் தசமத்தில் எழுதுவார்கள். உதாரணத்துக்கு 8 டிகிரி 43.680 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 41.250 நிமிடம் கிழக்கு என்றால் டவுன் பக்கம். போனில் இருக்கும் வரைபடத்தில் பெரும்பாலும் முழுக்கத் தசமத்தில்தான் கொடுப்போம். நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 8.728, 77.6875 என்று வரும், அதைத்தான் கொடுக்கவேண்டும். வகுக்காமல் 8.4368, 77.4125 என்று தட்டினால் புள்ளி நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பேச்சிப்பாறைப் பக்கம் மலைக்காட்டுக்குள் போய் விழும். நெல்லையில் மலை தூரத்தில் இருப்பதால் இது கண்ணில் பட்டுவிடும். ஒரே ஒரு எண் பிசகினால்தான் சிக்கல். நிமிடத்தில் தசமத்துக்கு அடுத்த முதல் எண்ணில் ஒன்று கூடினால் 185 மீட்டர் தள்ளிப்போகும். அதாவது ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமான வித்தியாசம். ஒவ்வொரு விடையையும் போட்டவுடன் வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற பதிவு. நெல்லையில் இதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு முன்பா, பின்பா? அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடி, கரையோரத்தில் எத்தனையோ இடங்களின் உருவமே மாறிவிட்டது. இந்தத் தொடரில் வெள்ளத்துக்கு அப்புறம் யாரும் டப்பாவை எடுத்ததாகப் பதிவு இல்லை. தேடி வருகிறவர்களே குறைவு, அதனால் பதிவு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆற்றங்கரையில் முடியும் எந்தத் தேடலுக்கும் அந்த வெள்ளத்துக்குப் பிந்திய ஒரு பதிவாவது இருந்தால் மட்டும் போங்கள். இல்லையென்றால் அமைத்தவருக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.

முதல் இடம் பாளை ஊசிக்கோபுரம். பாதிரியார் ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826ல் எழுந்த தேவாலயம். காலையில் போனேன், கேட்டில் இருந்தவரிடம் சொன்னேன், உள்ளே விட்டார், வேலை முடிந்தது. அடுத்தது கோட்டை வாசல். பாளையங்கோட்டை என்ற பெயரில் இருக்கும் கோட்டையில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். அதில் மேற்கு வாசலை மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிட்டபிறகு, தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் சிறையிலிருந்து தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அந்த வாசலுக்கு எதிரே நின்று இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கேள்வி, படிகளை எண்ணச் சொன்னது. காவல்துறைப் பெயருள்ள கட்டிடத்தின் முன் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பது சரியாக வராது என்று பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, பழைய கோட்டையைப் பார்க்க வந்திருக்கேன், படி எத்தனைன்னு எண்ணணும்" என்றேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கூடவே எண்ணிக் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

மூன்றாவது, சுலோச்சன முதலியார் பாலம். அது வருவதற்கு முன் பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான். சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843ல் திறந்த பாலம் அது. மனைவியின் நகைகளையும் விற்றுப் போட்டார் என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்கும் அதன்மேல் பஸ் ஓடுகிறது. இங்கே கேள்வி, வளைவுகளை எண்ணுவது. எளிது என்று நினைத்து இறங்கினேன். கேள்வி எழுதிய காலத்தில் எளிதாக இருந்திருக்கும். இப்போது பழைய பாலத்தை ஒட்டியே புதுப்பாலம் வந்துவிட்டதால், அந்தப் பக்கம் நின்றால் புதுத் தூண்கள் மறைக்கின்றன. மறுபக்கம் போனால் கரையோரம் முள்ளும் அமலைச்செடியும் மண்டிக் கடைசி வளைவுகள் தெரியவில்லை. நல்ல வெயில். பாலத்தின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்குமாக நடந்து, ஒரு பக்கத்தில் எண்ணியதையும் மறுபக்கத்தில் எண்ணியதையும் ஒட்டவைத்து விடை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. குடிக்கக் கையில் தண்ணீர் இல்லை. கோடையில் நெல்லை வெயிலில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். காலை எட்டு மணிக்குள் பாலத்தை முடித்துவிடுவது உத்தமம். விடையை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் தேடுகிறவருக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நான்காவது குறுக்குத்துறை. இந்த இடத்தை மட்டும் பார்க்கவாவது எல்லாரும் ஒருமுறை போகவேண்டும். ஆற்றுக்குள்ளேயே பாறையில் முருகன் கோயில். திருச்செந்தூர் முருகனைச் செதுக்கிய கல் இங்கே எடுத்ததுதான் என்பது ஊர் வழக்கு, அதனால் திருச்செந்தூர் முருகனுக்கு இது தாய்வீடு என்பார்கள். வெள்ளம் மோதும் பக்கத்தில் சுவரைப் படகின் முனை போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும் காலத்தில் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் கோயிலை மூழ்கடித்துவிட்டுப் போகும், வடிந்தபின் கழுவிவிட்டுப் பூசை நடக்கும். இப்படியே காலங்காலமாக. கேள்வி, ஆற்றில் இறங்கும் படிகளை எண்ணச் சொன்னது. கேள்வி எழுதியவர் கோடையில் வந்திருக்கவேண்டும். நான் போனபோது கீழ்ப்படிகள் தண்ணீருக்குள். காலால் தடவி எண்ணலாம் என்று இறங்கினேன். அன்று அமாவாசை என்பதால் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் கொஞ்சம் இருந்தது. பாசி பிடித்த படி, இடுப்பளவு தண்ணீர், அடியில் இழுப்பு. அப்போது துணி அலசிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, "ஏ தம்பி, தண்ணி கலங்கி வருது பாரும், மேல ஏறும்" என்று சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தேன். அதுவரை கால் விரல் தெரிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சருகும் நுரையும் மிதந்து வந்தன. ஏறி வந்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நான் நின்ற படியும் அதற்கு மேல் படியும் உள்ளே போய்விட்டன.

தாமிரபரணியில் இறங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இது: நெல்லையில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால், மேலே பாபநாசத்திலோ மணிமுத்தாறிலோ அணையைத் திறந்தால், ஆறு ஏறும். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. தினமும் பத்திரிகையில் நீர்மட்டமும் வரத்தும் திறப்பும் வரும். அணை நிறைமட்டத்தை ஒட்டி நிற்கிற நாட்களில் ஆற்றுக்குள் தேடும் வேலையே வேண்டாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குப்பையும் சேர்ந்து வந்தால், எண்ணியது போதும் என்று மேலே வந்துவிடவேண்டும். எனக்குப் படியின் கணக்கு கிடைத்ததும் அந்த ஆச்சியிடமிருந்துதான். "சின்னப் பிள்ளையில இருந்து இறங்குத படி, எனக்குத் தெரியாதா?" என்று மடமடவென்று சொன்னார். அந்த எண்ணைப் போட்டதும் புள்ளி சரியாக நெல்லையப்பர் கோயிலில் விழுந்தது.

கோயிலுக்குப் போகும்போது நேரம் பார்த்துப் போங்கள். மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து கோயில்களுக்குள் செல்போன் கூடாது. கேள்வியை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகவேண்டும். போன் இருந்தாலும் அந்தக் கல்மண்டபத்துக்குள் ஜி.பி.எஸ். உதவாது. திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் காட்டுகிற போன், கல்கூரைக்கு அடியில் பக்கத்துத் தெருவில் நிற்பதாகச் சொல்லும். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647ல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. விடை அங்கே இருந்தது. இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம், எத்தனையோ தலைமுறை தட்டித் தேய்ந்த தூண்கள் அவை. ஐந்து விடையும் கையில். வெளியே வந்து ரதவீதியில் அல்வா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. புள்ளி, ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் விழுந்தது. அந்த ஊர்ப்பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

மணி ஐந்து ஆகியிருந்தது. மறுநாள் போயிருக்கலாம்தான். ஆனால் ஐந்து இடம் முடித்த சூட்டில் யாருக்கும் அது தோன்றாது. ஆட்டோ பிடித்தேன். குறிப்பில் அமைத்தவர் எழுதியிருந்தது: "பழைய கல்மண்டபத்தின் பின்புறம், வேம்பின் பக்கம், கல் இடுக்கில். யாரும் பார்க்காத நேரத்தில் எடுக்கவும்." விளையாட்டின் வழக்கமே அதுதான். விளையாடாதவர்கள் கண்ணில் பட்டால் டப்பா காணாமல் போய்விடும் என்று மறைவாகத் தேடச் சொல்வார்கள். வெளிநாட்டில் ஒரு பூங்காவிலோ காட்டுப்பாதையிலோ அது சரியாக இருக்கும். நம்மூரில் பழைய இடம் என்றால் அங்கே கும்பிடுகிற சாமி இருக்கிறது, குளிக்கிற துறை இருக்கிறது, மாடு கட்டுகிறவர் இருக்கிறார், சீட்டாடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் வெளியூர்க்காரன் மறைந்து மறைந்து தேடினால் அதற்கு வேறு அர்த்தம். அன்றைக்கு அமாவாசை வேறு.

ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து, போன் டார்ச்சை அடித்து இடுக்கு இடுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாருவே அது? அங்கன என்னத்தத் தேடுதீரு?" என்று குரல் வந்தது. மறைவாக எடுக்கச் சொன்ன குறிப்பை மனதில் வைத்து, "சும்மா போட்டோ எடுக்கேன் அண்ணாச்சி" என்றேன். "இருட்டுல என்ன போட்டோ?" என்று இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். அப்புறம் நாலு பேர், அப்புறம் கூட்டம். என் பையை வாங்கி மண்டபத் திண்ணையில் கொட்டினார்கள். கையுறை, டார்ச், இடுக்கைப் பார்க்க வைத்திருந்த நீளக் கைப்பிடிக் கண்ணாடி, சின்ன இடுக்கி, காந்த ஊசி, கோயில் மண்டபத்தின் பெயரெல்லாம் எழுதிப் பக்கத்தில் எண்கள் போட்ட தாள். ஜியோகேச்சிங் பழகியவர் எல்லார் பையிலும் இருக்கிற சாமான்தான். அந்த வெளிச்சத்தில் திண்ணையில் பரப்பிப் பார்த்தபோது, சிலை திருட வந்தவன் பையைப் போலத்தான் எனக்கே தெரிந்தது. ஆட்டோக்காரரை விசாரித்தார்கள். வழியில் பேச்சுவாக்கில் அவரிடம் புதையல் வேட்டை என்று சொல்லியிருந்தேன், அவர் அதை அப்படியே சொன்னார். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் பறித்ததில் போன் கல்லில் விழுந்து திரை சிதறியது. அடி விழவில்லை. விழப்போகிறது என்று நின்ற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை என்னால் இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. வாய் உலர்ந்து, என் பெயரைக் கேட்டபோது பெயர்கூட உடனே வரவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "கை வைக்காதிய, போலீசுக்குச் சொல்லுங்க" என்றார். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

ஸ்டேஷனில் ஜியோகேச்சிங் என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. சிதறிய திரையில் செயலியைக் காட்டினால், ஊரெல்லாம் புள்ளி வைத்த வரைபடமும் வெளிநாட்டுப் பெயர்களும்தான் தெரிந்தன. அவர்கள் கேட்டதில் தப்பில்லை, அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால் யாரும் கேட்பார்கள். போனை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அம்பாசமுத்திரத்து மாமா நம்பர் மனப்பாடமாக இருந்ததால் பிழைத்தேன். அவர் வந்து, எழுதிக் கொடுத்து, என்னை அழைத்துப்போகும்போது நடுராத்திரி. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் ஒருவருடைய நம்பரையாவது மனப்பாடமாக வைத்திருங்கள், போன் கையை விட்டுப் போனால் அது ஒன்றுதான் உதவும். எங்கே போகிறோம், கடைசி இடம் எது என்று கிளம்பும்போதே ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்தால், வாங்கியதற்கு எழுத்தில் ஒன்று கேளுங்கள். மாமா பணிவாகக் கேட்டார், கொடுத்தார்கள்.

மறுநாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு அதே ஊருக்குப் போனார். எனக்குக் கால் வரவில்லை. "போகாம விட்டா நீ திருடன்னே ஆயிரும்" என்றார். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். 1878ஆம் ஆண்டிலிருந்தே புதையல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும், அதனால் புதையல் என்று காதில் விழுந்தால் ஊரும் போலீசும் சும்மா இருக்க முடியாது என்றார். இந்த விளையாட்டில் எதையும் தோண்டுவதே கிடையாது, டப்பாவைப் புதைத்து வைக்கக்கூடாது என்பது அதன் விதி என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆட்டோவிலோ டீக்கடையிலோ பேசும்போது பழைய இடம் பார்க்கிற போட்டி, டப்பாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும், தோண்டுகிற வேலை இல்லை என்று சொல்லுங்கள். சொல்வதும் உண்மை, கேட்பவருக்கும் புரியும். கோட்டை வாசல் டீக்கடையில் வந்த காரியத்தை நேராகச் சொன்னதால்தான் அந்த அண்ணாச்சி கூடவே எண்ணிக் கொடுத்தார்.

டப்பா என்ன ஆயிற்று என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கை வைக்கவேண்டாம் என்று சொன்ன அதே பெரியவர் சொன்னார். வெள்ளத்துக்கும் முன்னால், மீன் பிடிக்க வந்த பையன்கள் கல் இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். திறந்தால் உள்ளே சின்னப் பொம்மை ஒன்று, வெளிநாட்டுக் காசு, புரியாத எழுத்தில் பெயர்கள் எழுதிய நோட்டு. டப்பாவில் எதையாவது எடுத்தால் பதிலுக்கு எதையாவது வைப்பது விளையாட்டில் வழக்கம். யாரோ போட்டுவிட்டுப் போனவை அவை. பொம்மையும் பெயர்களும் கல் இடுக்கும் சேர்ந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? செய்வினை என்றுதான். பூசாரியைக் கூப்பிட்டு, கழிப்புக் கழித்து, ஆற்றில் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து அந்த மண்டபத்துப் பக்கம் பொழுதுசாய யார் வந்தாலும் ஒரு கண் வைத்திருந்திருக்கிறார்கள். என்னைப் பிடித்தது அந்த டப்பாவால்தான் என்று புரிந்தபோது எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அமைத்தவர் ஒரு வார்த்தை ஊரில் சொல்லிவிட்டு வைத்திருந்தால், அந்தப் பையன்களே அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செலவுக் கணக்கு: லாட்ஜ் 1,600, ஆட்டோ 1,750, போன் திரை 4,200. லீவு நீண்டதால் சம்பளத்தில் பிடித்தது தனி. போன் திரும்பக் கையில் வர அலைந்த அலைச்சலைச் சேர்க்கவில்லை. ஆட்டோவில் பாதிக்கு மேல் வெட்டிச்செலவு. பாளை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் எல்லாம் ஒரே பஸ் வழியில் இருக்கின்றன, டவுன் பஸ்ஸிலேயே நாலு இடம் முடித்துவிடலாம்.

அமைத்தவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். முதலில் அவர் பயந்துபோய்விட்டார், ஊர்க்காரர்களிடம் மாமா மூலமாக மன்னிப்புக் கேட்டார். இப்போதைக்குத் தொடரை நிறுத்தி வைத்திருக்கிறார். பாலத்தின் வளைவுக்குப் பதிலாக வேறு கேள்வி, குறுக்குத்துறையில் ஆற்றுப்படிக்குப் பதிலாகக் கரையிலேயே விடை கிடைக்கும்படி ஒன்று, கடைசி டப்பாவுக்குப் பாளையில் ஒரு கடைக்காரரின் சம்மதம் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். டப்பாவின் மேல் இது என்ன, யார் வைத்தது, தொடர்புக்கு எந்த எண் என்று தமிழில் ஒரு தாள் ஒட்டவேண்டும், பொம்மை வைக்கக்கூடாது என்று நான் சொன்னதையும் ஒத்துக்கொண்டார். மறுபடி திறந்துவிட்டதாக அறிவிப்பு வரும்வரை பழைய எண்களை வைத்துக்கொண்டு யாரும் அந்த மண்டபத்துக்குப் போகவேண்டாம்.